பத்து நாள் வார்டா, மூன்று மாத ஹோமா, தினசரி மாத்திரையா? ஹெராயின் சிகிச்சையில் எது யாருக்கு

“எத்தனை நாள்ல சரியாகும் சார்?”

போதை சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஆடி மாதத்தில் வந்த ஓர் அம்மா கையில் மஞ்சப்பை. உள்ளே மகனின் ஆதார் நகல், பழைய எக்ஸ்ரே, நான்கு மையங்களின் நோட்டீஸ். ஒன்றில் பத்து நாள் என்று போட்டிருந்தது. இன்னொன்றில் தொண்ணூறு நாள், மாத்திரையே இல்லாமல். அரசு மருத்துவமனை டாக்டர், ஒரு வருஷமாவது தினமும் மாத்திரை போடணும் என்று சொல்லியிருந்தார். பெரியப்பா சொன்னது வேறு: “ஊருக்கு அனுப்பு, ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் அடங்கிடும்.” மகனுக்கு 24 வயது. இரண்டு வருடமாக பிரவுன் சுகர், அதாவது கலப்பட ஹெராயின்.

ஆலோசகராகப் பல ஆண்டுகளாக இந்த பெஞ்சில் உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஹெராயின், அபின், இப்போது தமிழ்நாட்டில் இளைஞர்கள் போதைக்காகப் பயன்படுத்தும் டேப்பென்டடால் வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். ஆகவே கீழே வரும் வழிகள் இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கஞ்சாவுக்கும் மெத்தாம்பெட்டமினுக்கும் பொருந்தாது. சாராயத்துக்கு வேறு சிகிச்சை. ஒரே ஆள் மூன்று நான்கைக் கலந்து எடுப்பதும் உண்டு. டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குறிப்பாகக் குடியும் தூக்க மாத்திரையும் சேர்ந்திருந்தால், அவற்றைத் திடீரென்று நிறுத்துவதால் வலிப்பு வந்து உயிரே போகலாம்.

## முதலில், எதை வைத்து அளப்பது

பெரும்பாலான வீடுகளில் ஒரே ஓர் அளவுகோல்தான் இருக்கும்: சுத்தமாகிவிட்டானா இல்லையா. அதை வைத்து முடிவெடுத்தால் ஏன் தவறிப்போகிறது என்பதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது.

ஹெராயின் எடுக்க எடுக்க உடம்பு அதற்குப் பழகுகிறது. முதல் மாதம் தூக்கிப்போட்ட அளவு ஆறாவது மாதம் எதுவும் செய்யாது. இந்தத் தாங்கும் சக்தி ஒரு வாரம், பத்து நாள் நிறுத்தினாலே மளமளவென்று இறங்கிவிடும். ஆசை மட்டும் இறங்குவதில்லை. வெளியே வந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால், மூச்சை இயக்கும் மூளைப்பகுதி அடங்கி, தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்தும் மறுவாழ்வு மையத்திலிருந்தும் வெளியே வருகிற முதல் சில வாரங்கள்தான் ஹெராயின் எடுப்பவர்களுக்கு மிக ஆபத்தான காலம் என்று நாடு நாடாகக் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டார் “சுத்தமாகிவிட்டான்” என்று நிம்மதியாகத் தூங்கத் தொடங்கும் அதே வாரங்கள் அவை.

அதனால் நான் ஐந்து கேள்விகளை வைத்து அளக்கச் சொல்கிறேன். இந்த வழியில் போனால் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? சிகிச்சையை நடுவில் விட்டு ஓடாமல் தொடர்வாரா? வேலைக்கோ படிப்புக்கோ போக முடியுமா? நோட்டீஸில் போடாத செலவு என்ன? அவருடைய சம்மதம் இதில் இருக்கிறதா? இந்த வரிசையும் முக்கியம். முதல் கேள்விக்குப் பதில் சரியில்லை என்றால் மற்ற நான்கையும் பார்க்க வேண்டியதில்லை.

## வழி 1: பத்து நாள் வார்டு, உடம்பிலிருந்து நஞ்சை இறக்குவது மட்டும்

ஹெராயினை நிறுத்திய எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் வேதனை தொடங்கும். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், கால் எலும்புக்குள் குடைச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். ஒரு வாரம், பத்து நாளில் அடங்கும். தூக்கமின்மையும் உடல் அசதியும் மட்டும் வாரக்கணக்கில் இழுக்கும். வார்டில் குளோனிடின் போன்ற மருந்துகளையோ, ஹெராயினின் இடத்தைப் பிடித்து வேதனையை அடக்கும் புப்ரெனார்பின் மாத்திரையைக் குறைந்துகொண்டே போகும் அளவிலோ கொடுத்து இந்த நாட்களைக் கடக்க வைக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் இது இலவசம்.

இதன் பலம் வெளிப்படையானது: சீக்கிரம் முடியும், வேதனை குறையும், அவரே சம்மதித்து வருவார். பலவீனத்தைக் காட்ட ஓர் ஆய்வு போதும். 2003-இல் ஸ்டாக்ஹோமில் ஹெராயினுக்கு அடிமையான 40 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 20 பேருக்கு ஓராண்டு முழுக்கத் தினமும் 16 மி.கி. புப்ரெனார்பின். மற்ற 20 பேருக்கு அதே மருந்தை ஆறு நாளில் குறைத்து நிறுத்தி, பிறகு போலி மாத்திரை. ஆலோசனையும் குழுக் கூட்டமும் இரு பிரிவுக்கும் சமமாக நடந்தன. ஓராண்டு கழித்து முதல் பிரிவில் 15 பேர் சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டாம் பிரிவில் ஒருவர்கூட இல்லை. நால்வர் இறந்திருந்தார்கள்.

இருபதில் நான்கு. இதைச் சொல்லும்போது எதிரில் இருக்கும் அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடிவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் செய்கிறேன்.

ஆகவே பத்து நாள் வார்டு ஒரு வாசல் மட்டுமே. அதைக் கடந்ததும் அடுத்த வழியில் கால் வைப்பதென்றால் நல்லது. போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன் மருந்தைத் (வழி 5) தொடங்க வேண்டுமானால் இந்த வாசலைக் கடந்தே ஆக வேண்டும். “முடிந்தது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்” என்று எங்காவது சொன்னால், அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

## வழி 2: ஹோமில் தங்குவது

மூன்று மாதம், ஆறு மாதம் தங்க வைக்கும் மறுவாழ்வு மையங்கள். நல்ல மையம் எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னையிலேயே முன்மாதிரி உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிக்கும் போதைக்கும் அடிமையானவர்களுக்கு மருத்துவமும் ஆலோசனையும் குடும்பத்தாருக்கான வகுப்புகளும் சேர்ந்த சிகிச்சையை இங்கே பழக்கப்படுத்தியது. நல்ல மையத்தில் மனநல மருத்துவர் வருவார், குடும்பத்தைப் பார்க்க விடுவார்கள், கதவு பூட்டியிருக்காது.

எல்லா மையமும் அப்படியில்லை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு மையத்திலிருந்து வந்த பையன், ராத்திரியில் அவனை வேனில் ஏற்றிப்போனதையும், கேள்வி கேட்டால் முட்டிபோட வைத்ததையும் சொன்னான். வேதனை உச்சத்தில் இருந்த மூன்று நாளும் அவனுக்குக் கிடைத்தது ஒரு பாராசிட்டமால். அங்கே 90 நாள் முடித்துப் பாராட்டுச் சான்றிதழோடு வெளியே வந்தவன், பதினோராம் நாள் பழைய அளவை எடுத்தான். அவன் பிழைத்தது, அண்ணன் அன்று லீவில் வீட்டில் இருந்ததால்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் நிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதன்படி இந்த மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலி போடுவது எந்த வகையிலும் கூடாது. சம்மதமில்லாமல் சேர்ப்பதற்கும் மருத்துவப் பரிசோதனை, நியமிக்கப்பட்ட பிரதிநிதி, 30 நாள் வரம்பு என்று விதிகள் உண்டு. அப்பா கையெழுத்துப் போட்டார் என்பதற்காக மூன்று மாதம் பூட்டி வைக்க யாருக்கும் அதிகாரமில்லை. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

நோட்டீஸில் இல்லாத செலவு: மாதக் கட்டணத்துக்காக அடகு போகும் நகை, போய்விடும் வேலை, அரியர் விழும் செமஸ்டர். அதைவிடப் பெரிய செலவு, மேலே சொன்ன தாங்கும் சக்தி இறக்கம். மூன்று மாதம் கழித்து வெளியே வருபவர் மருந்துப் பாதுகாப்பு இல்லாமல் வந்தால், அவர் உடம்பு புதிதாகத் தொடங்குபவர் உடம்பு.

இருந்தும் சிலருக்கு இதுவே சரி. அடுத்த தெருவிலேயே விற்பனை நடக்கிறது, நண்பர் கூட்டம் வாசலில் நிற்கிறது, வீட்டில் இன்னொருவரும் எடுக்கிறார், அல்லது வீடே இல்லை. இப்படிப்பட்டவருக்கு இடம் மாறுவது பெரிய உதவி. சேர்க்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “புப்ரெனார்பின் எடுத்துக்கொண்டே உங்களிடம் தங்கலாமா?” ஆம் என்றால் இரண்டு வழியின் நன்மையும் ஒருசேரக் கிடைக்கும்.

## வழி 3: தினசரி புப்ரெனார்பின்

நான் அதிகம் பார்த்ததும், பெரும்பாலானவர்களுக்கு முதலில் யோசிக்கச் சொல்வதும் இதுதான்.

காலை எட்டரை மணிக்கு வரிசை. நர்ஸ் அக்கா மாத்திரையைப் பொடியாக்கி, ஸ்பூனால் நாக்கின் அடியில் வைப்பார். விழுங்கினால் வீண். வயிற்றுக்குள் போனால் கல்லீரல் பெரும்பகுதியை அழித்துவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு பத்து நிமிடம் பெஞ்சில். வார்டிலேயே அமைதியான பத்து நிமிடம் அதுதான். ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர், செல்போன் அடித்தால் எடுத்துப் பார்த்துவிட்டு, பேச முடியாது என்று எங்களுக்குக் கையால் சைகை காட்டுவார். கரைந்ததும் வாயைத் திறந்து காட்டிவிட்டு, வாயைக் கொப்பளித்து, ஒன்பது மணிக்கு சவாரி.

ஹெராயினின் வேகம் நாலைந்து மணி நேரம். அதனால்தான் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை தேட வேண்டியிருக்கிறது. பாதிப் பொழுது தேடுவதிலும் மீதி மயக்கத்திலும் போகிறது. மூளையில் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டாலும் புப்ரெனார்பின் அரைகுறையாகத்தான் வேலை செய்யும், ஒரு நாளுக்கு மேல் நிற்கும். வேதனையும் ஏக்கமும் அடங்கும், தலைக்கேறும் போதை கிடைக்காது. அளவைக் கூட்டினாலும் மூச்சை அடக்கும் விளைவு ஓர் எல்லைக்கு மேல் ஏறுவதில்லை. ஹெராயினுக்கும், அடுத்து வரும் மெத்தடோன் மருந்துக்கும் இல்லாத பாதுகாப்பு இது. ஆனால் குடியும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் இந்தப் பாதுகாப்பு உடைந்துவிடும்.

“ஒரு போதையை விட்டுட்டு இன்னொரு போதையா?” என்று மாமா சித்தப்பாக்கள் கேட்பார்கள். அந்த ஷேர் ஆட்டோக்காரரை அவர்களுக்குக் காட்டலாம். சர்க்கரைக்காரர் இன்சுலின் போடுவதை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

முதல் நாளில் நடக்கும் ஒரு தவறு பலரை ஓட வைக்கிறது. ஹெராயின் இன்னும் உடம்பில் இருக்கும்போதே மாத்திரை வைத்தால், அது ஹெராயினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். அரை மணி நேரத்தில் முழு வேதனையும் ஒரேயடியாக வரும். “இந்த மருந்து அவனுக்கு ஒத்துக்கல” என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். கடைசியாக எடுத்துக் குறைந்தது 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்; வேர்வை, கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதன்பின் சிறிய அளவில் தொடங்கி, சில நாளில் பலருக்கு 8 முதல் 16 மி.கி.க்குள் நிலைபெறும்.

நோட்டீஸில் இல்லாத செலவு அலைச்சல். முதல் மாதங்களில் தினமும் வர வேண்டும். ஒன்பது மணி ஷிப்ட்காரருக்கு, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வருபவருக்கு இது பெரிய பாரம். நிலைபெற்றவர்களுக்குச் சில நாள் மாத்திரையை வீட்டுக்குக் கொடுக்கும் வழக்கம் 2020 கொரோனா ஊரடங்கில் பரவலாகி, பல இடங்களில் தொடர்கிறது. இரண்டாவது, இந்த மருந்து சாதாரண மருந்துக்கடையில் கிடைக்காது. சிகிச்சை மையங்கள் வழியாகத்தான். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் இலவச மையங்கள் முக்கியமாக ஊசி போடுபவர்களுக்கானவை. ஃபாயிலில் வைத்துப் புகைப்பவர்கள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவையோ மனநல மருத்துவரையோ பார்க்க வேண்டும். 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டிருக்கின்றன. உங்கள் ஊர் மையத்தில் இந்த மாத்திரை தொடர்ந்து கிடைக்கிறதா என்று போவதற்கு முன் கேட்டுவிடுங்கள். மூன்றாவது, மலச்சிக்கலும் பல் சொத்தையும். மாத்திரை கரைந்ததும் கொப்பளிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்க வேண்டும்.

மருந்தைச் சிலர் கரைத்து நரம்பில் போட்டுக்கொள்வதும் உண்மை. சென்னையில் ஒரு காலத்தில் ஹெராயினை விட்டுவிட்டு புப்ரெனார்பின் ஊசியையே போதைக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். அதனால்தான், இந்த வகை மருந்துகளின் வேலையை முறிக்கும் நலோக்சோன் கலந்த மாத்திரை வந்தது. நாக்கின் அடியில் வைத்தால் நலோக்சோன் பெரிதாக வேலை செய்யாது. நரம்பில் ஏற்றினால் வேதனையைக் கிளப்பும்.

பிரான்ஸ் 1995-இல் சாதாரணப் பொது மருத்துவர்களும் இந்த மருந்தை எழுதலாம் என்று அனுமதித்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் அங்கே ஹெராயின் வகைப் போதையை அளவு மீறி எடுத்ததால் வரும் மரணங்கள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. எவ்வளவு காலம் எடுப்பது என்பதற்கு ஓராண்டாவது என்பது என் பதில். நிறுத்துவதானால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள் என்பதற்காக ஒரே வாரத்தில் நிறுத்தி, மாலையும் கழுத்துமாக நின்ற பத்தே நாளில் மறுபடி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

## வழி 4: மெத்தடோன்

நியூயார்க்கில் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் 1965-இல் 22 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கிய சிகிச்சை இது. உலகில் அதிகம் சோதிக்கப்பட்ட வழியும் இதுதான். இதையும் புப்ரெனார்பினையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மலேசியாவில் அதே 2005-இல் மெத்தடோன் திட்டம் தொடங்கி அரசு கிளினிக்குகளில் பரவியது. அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு எளிதில் கையில் கிடைக்கும் வழி இதுவாக இருக்கும். இந்தியாவில் 2012-இல்தான் தொடங்கியது, இன்றும் மிகச் சில மையங்களில் மட்டும்.

சிரப் போலக் குடிக்கும் திரவம். முழு வேகத்தில் வேலை செய்வதால், மிக அதிக அளவு ஹெராயின் எடுத்தவர்களையும் புப்ரெனார்பினில் ஏக்கம் அடங்காதவர்களையும் இது பிடித்து நிறுத்தும். சிகிச்சையை விட்டு ஓடுபவர்கள் இதில் குறைவு. ஆனால் எல்லை கிடையாது. அளவு மீறினால் மூச்சு நிற்கும். உடம்பில் மெல்ல மெல்லச் சேர்வதால் முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து. முதல் நாள் 30 மி.கி.க்கு மேல் போகமாட்டார்கள். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம் என்பதால் ஈ.சி.ஜி. பார்ப்பது நல்லது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எடுத்தால் மெத்தடோன் வேகமாகக் கரைந்து வேதனை திரும்பும், டி.பி. டாக்டருக்கும் போதை டாக்டருக்கும் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் வைத்திருந்தால் பூட்டி வையுங்கள். ஒருவரின் ஒரு நாள் அளவு ஒரு குழந்தையின் உயிரை எடுத்துவிடும்.

2017-இல் பல நாட்டுக் கணக்குகளைத் தொகுத்த ஓர் ஆய்வில், மெத்தடோன் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஆண்டுக்கு 1,000 பேரில் 11.3 மரணம்; நிறுத்திய காலத்தில் 36.1. புப்ரெனார்பினில் 4.3, நிறுத்தினால் 9.5. இரண்டு மருந்தையும் எடுப்பவர்கள் வெவ்வேறு நிலையில் இருப்பவர்கள் என்பதால் இந்த எண்களை வைத்து மருந்துகளை ஒன்றோடொன்று மோதவிட முடியாது. எடுப்பதற்கும் விடுவதற்கும் உள்ள இடைவெளியை மட்டும் பாருங்கள்.

## வழி 5: நால்ட்ரெக்சோன்

இது பூட்டு. ஹெராயின் போய் உட்காரும் இடத்தை அடைத்துவிடும். எடுத்தாலும் போதை ஏறாது. பழக்கமாக்காது, வீட்டாருக்குச் சங்கடம் இல்லை, நம் ஊரில் தினம் 50 மி.கி. மாத்திரையாகக் கிடைக்கிறது. மாதம் ஒரு முறை போடும் 380 மி.கி. ஊசிக்கு அமெரிக்கா 2010-இல் இந்த நோய்க்காக அனுமதி தந்தது.

கேட்கும்போது இதுவே சிறந்தது போலத் தோன்றும். தொடங்குவதில்தான் சிக்கல். ஏழு முதல் பத்து நாள் ஒரு துளிகூட எடுக்காமல் இருந்த பிறகே தொடங்க முடியும். 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 570 பேரை எடுத்துக்கொண்டார்கள். நால்ட்ரெக்சோன் ஊசிப் பிரிவில் 28% பேரால் முதல் ஊசியையே எட்ட முடியவில்லை. புப்ரெனார்பின் பிரிவில் 6% மட்டும். தொடங்க முடிந்தவர்களிடம் இரண்டும் ஏறக்குறைய சமம். மலேசியாவில் மூவார் நகரில் 126 பேரை வைத்து நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை நால்ட்ரெக்சோனை விடப் புப்ரெனார்பின் தெளிவாக முந்தியது.

இரண்டு மூன்று நாள் மாத்திரை போடாவிட்டாலே பூட்டு திறந்துவிடும். நிறுத்தினால் தாங்கும் சக்தி சுழியில் இருக்கும். இதை எடுத்துக்கொண்டே, பூட்டை உடைக்கிறேன் என்று அளவைக் கூட்டி ஹெராயின் எடுத்து இறப்பவர்களும் உண்டு. விபத்து, ஆபரேஷன் என்று வந்தால் மார்ஃபின் வகை வலி மருந்து வேலை செய்யாது. பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்க வேண்டும்.

யாருக்கு நல்லது? ஏற்கெனவே வாரக்கணக்கில் விட்டிருப்பவர், பழகி அதிக காலம் ஆகாதவர், தினமும் காலையில் எதிரில் நின்று மாத்திரை போட வைக்கும் மனைவியோ அம்மாவோ இருப்பவர், பணி விதிகளால் புப்ரெனார்பின் எடுக்க முடியாதவர்.

## ஒரே பார்வையில்

| வழி | தொடங்குவது | உயிர்ப் பாதுகாப்பு | அலைச்சல் | யாருக்கு |
|---|---|---|---|---|
| பத்து நாள் வார்டு மட்டும் | எளிது | தனியாக என்றால் ஆபத்து | 10 நாளில் முடியும் | அடுத்த வழிக்கு வாசலாக |
| ஹோம் | மையத்தைப் பொறுத்தது | வெளியே வந்ததும் ஆபத்து | வேலை, படிப்பு போகும் | சூழலை விட்டு நகர வேண்டியவர் |
| புப்ரெனார்பின் | 12 மணி நேரக் காத்திருப்பு | அதிகம் | முதலில் தினமும் | பெரும்பாலானவர்கள் |
| மெத்தடோன் | மெல்ல, கவனமாக | அதிகம்; முதல் 2 வாரம் கவனம் | தினமும்; மையங்கள் குறைவு | அதிக அளவு எடுத்தவர், கர்ப்பிணி |
| நால்ட்ரெக்சோன் | கடினம் | எடுக்கும்வரை மட்டும் | குறைவு | ஏற்கெனவே விட்டவர், துணை உள்ளவர் |

கர்ப்பிணிக்குத் திடீர் நிறுத்தம் கூடவே கூடாது, கருவுக்கு ஆபத்து. மெத்தடோனும் புப்ரெனார்பினும் இரண்டுமே ஏற்றவை. பிறந்த குழந்தைக்குச் சில நாள் வேதனை அறிகுறி இருக்கலாம், சிகிச்சை உண்டு. 2010-இல் வந்த ஆய்வில் புப்ரெனார்பின் எடுத்த தாய்களின் குழந்தைகளுக்கு மருந்தும் மருத்துவமனை நாட்களும் குறைவாகத் தேவைப்பட்டன.

## எந்த வழியானாலும் கூட வர வேண்டியவை

ஊருக்கு அனுப்புவது, துபாய்க்கு அனுப்புவது, கல்யாணம் செய்து வைப்பது மூன்றும் சிகிச்சை ஆகாது. மூன்றாவதில் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்கிறது.

ஆலோசனை மருந்துக்கு மாற்றில்லை, துணை. வேலை, கடன், பழைய நண்பர்கள், தூக்கம் என்று பேச நிறைய இருக்கிறது. போதையை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் நார்கோட்டிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பலருக்குப் பெரிய பிடிமானம். மாத்திரை எடுப்பவரை இன்னும் சுத்தமாகாதவர் என்று பார்க்கும் குழுக்களும் உண்டு; அப்படி யாராவது சொல்லி மாத்திரையை நிறுத்த வைத்தால் குழுவை மாற்றுங்கள், மாத்திரையை மாற்றாதீர்கள்.

ஊசி போட்டவர் என்றால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் பார்த்தே ஆக வேண்டும். ஹெபடைடிஸ் சி இன்று மாத்திரையால் குணமாகிறது; 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம்.

போலீஸ் பயத்தால் சிகிச்சைக்கே வராதவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சைக்கு வருவது குற்றமில்லை. வழக்கே இருந்தாலும், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வழக்கிலோ சிக்கிய, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. ஹெராயினில் சிறிய அளவு என்பது 5 கிராம். சிகிச்சையை முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடலாம். வக்கீலிடம் இதைக் கேளுங்கள்.

வீட்டில் ஒருவராவது இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: தட்டினாலும் எழாத மயக்கம், குறட்டை போன்ற கரகரப்பு மூச்சு அல்லது நிமிடத்துக்கு ஓரிரு மூச்சு, நீலம் பாரித்த உதடு, குண்டூசி முனை போலச் சுருங்கிய கண்மணி. உடனே 108. ஹெராயின் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நலோக்சோன் ஊசி போட்டால் நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆம்புலன்ஸ் வரும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றாதீர்கள். எழுந்த பிறகும் தனியாக விடாதீர்கள்; ஊசியின் வேகம் குறைந்ததும் மயக்கம் திரும்பலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14446 தேசியப் போதை மீட்பு உதவி எண். இலங்கையில் 1927. எந்த மையத்துக்குப் போன் செய்தாலும் நான்கைக் கேளுங்கள்: மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? புப்ரெனார்பின் இருக்கிறதா? முதல் வாரமே நாங்கள் பார்க்க வரலாமா? வெளியே வந்த பிறகு மாத்திரை எங்கே, யார் தருவார்கள்? நான்காவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

ஆடியில் வந்த அம்மா நேற்றும் வந்திருந்தார். மகன் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இன்னும் ஆறு நிமிடம் பாக்கி. அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, “அடுத்த வாரம் தீபாவளிக்கு ஊருக்குப் போகணும் சார். நாலு நாள் மாத்திரையைக் கையில தருவீங்களா?” என்றார். தருவோம் என்றேன். டாக்டரிடம் வியாழக்கிழமைக்குள் எழுதி வாங்க வேண்டும், பூட்டுப் போட்ட டப்பா கொண்டு வர வேண்டும், சாவி அவரிடம் இருக்க வேண்டும். மஞ்சப்பையிலிருந்து ஒரு பழைய எவர்சில்வர் நகை டப்பாவை எடுத்துக் காட்டி, “இது போதுமா?” என்று கேட்டார்.